'உனக்கு ஒரு மங்கி' என்றார் மேலாளர்: அது வசையா, வாக்குறுதியா?

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் வசிக்கும் தமிழர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. அவரை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 34. சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில். மனைவி அரசு மருத்துவமனையில் செவிலியர். மனைவியின் வேலை விசாவோடு சேர்ந்த சார்பாளர் விசாவில் இவர் வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. பழைய கார்களை வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறார். வண்டிகளைக் கழுவித் துடைப்பது, வருகிறவர்களுக்குக் காட்டுவது, சில சமயம் பேசி முடிப்பது எல்லாம் இவர் பொறுப்பு. ஊதியம், மணிக்கணக்கில் சட்டப்படியான குறைந்தபட்சத் தொகை.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒருநாள், நெடுநாளாக விலை போகாமல் நின்றிருந்த ஒரு வேனைக் காட்டி மேலாளர் இவரிடம் ஏதோ சொன்னார். வாடிக்கையாளர்கள் இருவர் அருகில் நின்றிருந்தார்கள். இவர் காதில் விழுந்தது: வெள்ளிக்கிழமைக்குள் வேனை விற்றுவிடு, உனக்காக அதில் ஒரு மங்கி இருக்கிறது. தன்னைக் குரங்கு என்று பிறர் முன்னால் சொல்லிவிட்டார் என்று இவர் மனம் நொந்துபோனார். ஆனாலும் வியாழக்கிழமையே வேனை விற்றுக் கொடுத்தார். அன்று மாலை மேலாளரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: உனக்கு ஒரு மங்கி கடன்பட்டிருக்கிறேன், மாதக் கடைசியில் தருகிறேன், வேலை உடைக்காக ஒரு போனி கழித்துக்கொள்வேன். மறுபடியும் அதே சொல். இவர் பதில் அனுப்பவில்லை. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டில் கூடுதலாக எதுவும் இல்லை; எதுவும் வர வேண்டும் என்பதே இவருக்குத் தெரியாது. வேலை உடைக்கு மட்டும் 25 பவுண்டு பிடித்திருந்தார்கள்.

பொறுக்க முடியாமல் இவர் மேலாளரிடம் நேரில் கேட்டார்: என்னை ஏன் குரங்கு என்றீர்கள்? மேலாளர் சிரித்துவிட்டு, 'மங்கி என்றால் 500 பவுண்டு, முட்டாளே' என்றார். இவர் வாதிட்டதும், 'இன்னொரு முறை இப்படி என் மேல் பழி சொன்னால் வேலை போய்விடும்' என்றார். விஷயம் மற்ற பணியாளர்களுக்கும் பரவியது. சில நாள் கழித்து இவருடைய பெட்டியின் மேல் ஒரு வாழைப்பழம் இருந்தது. பணியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் இவர் எது எழுதினாலும் ஒருவர் குரங்குப் படம் போடுகிறார். ஒருமுறை மேலாளரும் அதற்குச் சிரிப்புக் குறி இட்டிருக்கிறார்.

'500 பவுண்டு என்பது மாட்டிக்கொண்டதும் சொன்ன சாக்குதானே மேடம்? பழைய 500 ரூபாய் நோட்டில் குரங்குப் படம் இருந்ததால் வந்த சொல் என்கிறார்களே, அந்த நோட்டுக் கதையும் இந்தியர்களை இழிவுபடுத்தத்தானே வந்தது? வழக்குப் போட்டால் 50,000 பவுண்டு கிடைக்கும் என்று குராய்டனில் இருக்கும் என் மைத்துனர் சொல்கிறார். விசாவுக்கு ஆபத்து, பேசாமல் இரு என்கிறாள் மனைவி. ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். கொடுத்துவிடட்டுமா?' என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

முதலில், அந்தக் கடிதம் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனி நிகழ்ச்சிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வேனைக் காட்டி மேலாளர் சொன்னது ஒன்று. பிறகு வாழைப்பழமும் குரங்குப் படமுமாக உங்கள் மேல் விழுந்தது இன்னொன்று. நீங்கள் முதலாவதைத்தான் பெரிய குற்றமாக எண்ணுகிறீர்கள். இரண்டாவதை அதன் வாலாகச் சொல்லியிருக்கிறீர்கள். சட்டத்தின் பார்வையில் கிட்டத்தட்ட நேரெதிர். இது புரிந்துவிட்டால் உங்கள் கையில் வலுவான ஒரு புகாரும், வர வேண்டிய ஒரு தொகையும் இருப்பது தெரியும். புரியாமல் போனால் இரண்டையும் இழக்க நேரிடும்.

மங்கி என்றால் 500 பவுண்டுதானா?

ஆம். உங்கள் மேலாளர் அதைச் சிரித்துக்கொண்டு சொன்ன விதம் தவறு. சொன்ன பொருள் சரி. லண்டனிலும், குறிப்பாகக் கிழக்கு லண்டனிலும் அதை ஒட்டிய எசெக்ஸிலும், சந்தை வியாபாரிகள், பழைய கார் விற்பவர்கள், பந்தயம் கட்டுபவர்கள் நாவில் 'மங்கி' என்றால் 500 பவுண்டு. 'போனி' என்றால் 25. நம் ஊர்க் கடைத்தெருவில் போனி என்றால் அன்றைய முதல் வியாபாரம்; இங்கே சொல்லும் வேறு, பொருளும் வேறு. 'ஸ்கோர்' 20, 'டன்' 100, 'கிராண்ட்' 1000. 'உனக்காக அதில் ஒரு மங்கி இருக்கிறது' என்று நீங்கள் கேட்ட வாக்கியத்துக்கு, 'இதைச் செய்தால் உனக்கு 500 பவுண்டு கிடைக்கும்' என்று பொருள். வேனுக்குள் எதுவும் இல்லை. உங்களை எதனோடும் ஒப்பிடவும் இல்லை.

இந்தப் பேச்சு வழக்கு பழையது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சூதாடுவோர் பேச்சில் போனி 25 என்ற கணக்கில் வழங்கியது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மங்கியும் 500 என்ற பொருளில் பதிவாகிவிட்டது. உங்கள் மேலாளர் அவசரத்துக்கு உருவாக்கிய சாக்கு அல்ல என்பதை நீங்கள் முழு மனத்தோடு ஏற்றுக்கொள்ள வேண்டும். நீங்கள் நாளை வேலைத் தகராறுகளை விசாரிக்கும் எந்தத் தீர்ப்பாயத்தின் முன் நின்றாலும், எதிரே இருப்பவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கும்.

நீங்கள் குறிப்பிட்ட நோட்டுக் கதையை இங்கே பலரும் சொல்வார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் 500 ரூபாய் நோட்டில் குரங்குப் படம் இருந்தது, அங்கிருந்து திரும்பிய சிப்பாய்கள் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தார்கள் என்பது கதை. அப்படி ஒரு நோட்டு இருந்ததற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. இந்திய அரசு தன் பெயரில் காகிதப் பணம் வெளியிட வழிசெய்த சட்டமே 1861இல்தான் வந்தது. முதலில் வெளியான நோட்டுகளில் இருந்தது விக்டோரியா அரசியின் உருவம். மங்கி என்ற சொல் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இங்கிலாந்தில் புழங்கிக்கொண்டிருந்தது. சொல் எங்கிருந்து வந்தது என்பது இன்னும் தெளிவாகவில்லை. ஆகவே நம்மைப் பழிக்கப் பிறந்த சொல் என்று எண்ணி அந்தப் பாரத்தையும் நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

அந்த நிமிடம் உங்களுக்கு வலித்தது பொய் என்று நான் சொல்லவில்லை. இந்தச் சொல் நிறத்தை வைத்து மனிதர்களை இழிவுபடுத்தப் பயன்படும் சொல்லும்கூட. இங்கிலாந்தின் கால்பந்து மைதானங்களில் கறுப்பின வீரர்களை நோக்கிக் குரங்குபோல ஒலி எழுப்பி, வாழைப்பழம் வீசிய காலம் வெகு தொலைவில் இல்லை. இனவெறிக் கூச்சலைக் குற்றமாக்க 1991இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. புதிய நாட்டில், புதிய வேலையில், அந்நியர் இருவர் பார்த்துக்கொண்டிருக்க, மேலாளர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் யாருக்கும் நெஞ்சு சுருங்கத்தான் செய்யும். உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதற்கு அந்த ஒரு பொருள்தான் இருந்தது. விளக்கிச் சொல்லி ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். அதைச் செய்யாதது மேலாளரின் குறை.

ஆனால் சட்டப்படி அது இனத் துன்புறுத்தல் ஆகாது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், 26ஆம் பிரிவில், ஒருவரின் நிறம், தேசியம், இனம் போன்றவற்றோடு தொடர்புடைய, அவர் விரும்பாத நடத்தை அவருடைய கண்ணியத்தைக் குலைத்தாலோ, அவமதிப்பான சூழலை உண்டாக்கினாலோ அது துன்புறுத்தல் என்கிறது. இதைத் தீர்மானிக்கும்போது தீர்ப்பாயம் மூன்றைப் பார்க்கும்: உங்கள் மனத்தில் அது எப்படிப் பட்டது, சூழல் என்ன, அப்படிப் படுவது நியாயமா. முதலாவதில் நீங்கள் நிற்பீர்கள். மற்ற இரண்டிலும் அந்த வாட்ஸ்அப் செய்தியே உங்களுக்கு எதிராகப் பேசும். 'கடன்பட்டிருக்கிறேன்', 'மாதக் கடைசியில் தருகிறேன்', 'கழித்துக்கொள்வேன்' என்ற சொற்களுக்கு நடுவே வரும் மங்கி, பணமாகத்தான் இருக்க முடியும். இந்த நிகழ்ச்சியை இனவெறி என்று எழுதி வழக்குத் தொடுத்தால், உங்கள் உண்மையான புகாரும் நம்பகத்தன்மை இழக்கும். நல்ல கம்பளியில் ஒட்டிய ஒரு முள்ளுக்காகக் கம்பளியையே தூக்கி எறிந்ததுபோல ஆகிவிடும்.

வாழைப்பழம் வேறு விஷயம்

இதற்கு இரண்டாவது பொருள் எதுவும் கிடையாது. குரங்கு என்று சொல்லிவிட்டார்களே என்று ஒருவர் காயப்பட்டிருப்பது தெரிந்த பிறகு, அவருடைய பெட்டியின் மேல் வாழைப்பழம் வைப்பதையும், அவர் எழுதும் ஒவ்வொரு செய்திக்கும் கீழே குரங்குப் படம் போடுவதையும் பணத்தைப் பற்றிய பேச்சு என்று யாரும் சொல்ல முடியாது. 'நாங்கள் கேலி செய்தது அவர் 500 பவுண்டைத் தப்பாகப் புரிந்துகொண்டதைத்தான்' என்று அவர்கள் வாதிடுவார்கள். இதை இப்போதே எதிர்பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு என் பதில்: வேடிக்கை என்ற நோக்கம் அவர்களைக் காப்பாற்றாது. சட்டம் நோக்கத்தை மட்டும் பார்ப்பதில்லை. 'நோக்கம் அல்லது விளைவு' என்றுதான் எழுதியிருக்கிறது. பழுப்பு நிறத் தோல் உடைய ஓர் இந்தியத் தொழிலாளியின் மேல் குரங்கு அடையாளத்தை மீண்டும் மீண்டும் ஒட்டுவது என்ன விளைவை உண்டாக்கும் என்பதை அறிய நீண்ட விசாரணை தேவைப்படாது.

பணியாளர் செய்வதற்கு நிறுவனமும் பொறுப்பு. அதைத் தடுக்க நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்தோம் என்று நிரூபித்தால்தான் அது தப்பிக்க முடியும். மேலாளரே சிரிப்புக் குறி போட்ட குழுவில் அப்படி நிரூபிப்பது எளிதல்ல. அந்தச் சிரிப்புக் குறி, அவர் வேனைக் காட்டிச் சொன்னதைவிட நூறு மடங்கு கனமான சான்று. வேனைப் பற்றிச் சொன்னபோது அவர் மனத்தில் உங்கள் நிறம் இல்லை. குரங்குப் படத்துக்குச் சிரித்தபோது எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும்.

'இன்னொரு முறை பழி சொன்னால் வேலை போய்விடும்' என்று அவர் மிரட்டியதையும் லேசாக விடாதீர்கள். பாகுபாடு நடந்ததாக ஒருவர் புகார் சொன்னதற்காக அவருக்குக் கெடுதல் செய்வதை அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு தடுக்கிறது. இங்கே பலர் அறியாத ஒன்று உண்டு: புகார் தவறாகவே இருந்தாலும் அந்தப் பாதுகாப்பு உண்டு. பொய் என்று தெரிந்தே, கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால்தான் அது போகும். நீங்கள் நேர்மையாக நம்பிக் கேட்டீர்கள். ஆகவே மங்கி என்பதன் பொருளை நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்ததை வைத்து யாரும் உங்களைத் தண்டிக்க முடியாது.

இந்தச் சொல்லும் சாட்சியமும் பற்றிப் பேசும்போது 2008 ஜனவரியில் நடந்த சிட்னி டெஸ்ட் உங்கள் நினைவுக்கும் வரும். ஆண்ட்ரூ சைமண்ட்சை ஹர்பஜன் சிங் மங்கி என்று சொன்னதாகப் புகார் எழுந்தது. ஆட்ட நடுவர் மூன்று டெஸ்ட் தடை விதித்தார். ஹர்பஜன் சொன்னது இந்தியில் ஒரு வசை, அது வேறு சொல்லாகக் காதில் விழுந்திருக்கலாம் என்பது இந்தியத் தரப்பின் வாதம். மேல்முறையீட்டை விசாரித்த நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹேன்சன், இனவெறிக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று தடையை நீக்கி, வசைச் சொல்லுக்காக ஆட்ட ஊதியத்தில் பாதியை அபராதமாக விதித்தார். வாய்ப்பேச்சை மட்டும் வைத்து இத்தகைய வழக்கை நடத்துவது அவ்வளவு கடினம். உங்களிடம் எழுத்தும் படமும் தேதியும் இருக்கின்றன. குழுவிலிருந்து வெளியேறிவிடாதீர்கள், ஒவ்வொரு படத்தையும் அனுப்பியவர் பெயர், தேதி, நேரம் தெரியும்படி திரைப்பதிவு எடுத்து மனைவியின் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். வாழைப்பழத்தை அன்று யார் யார் பார்த்தார்கள் என்பதை நினைவிலிருந்து இன்றே எழுதிவையுங்கள்.

உங்களுக்கு வர வேண்டிய பணம்

மேலாளர் மேல் இருந்த கோபத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்டது இது. அவர் அனுப்பிய செய்தி, 500 பவுண்டு தர வேண்டியிருக்கிறது என்று அவரே எழுதிக் கொடுத்த ஒப்புதல். அதை அழித்துவிடலாமா என்று நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள்.

வாய்மொழி ஒப்பந்தமும் இங்கே செல்லும். வேடிக்கையாகச் சொன்ன தொகை மட்டும் செல்லாது. 2013 ஜனவரியில் லண்டனின் ஒரு மதுக்கூடத்தில் பெரும் வணிகர் மைக் ஆஷ்லி, தன் நிறுவனப் பங்கின் விலை 8 பவுண்டைத் தாண்டினால் 1.5 கோடி பவுண்டு தருவதாக ஆலோசகர் ஒருவரிடம் சொன்னார். விலை ஏறியது, வழக்கும் வந்தது. 2017இல் நீதிமன்றம், அது குடியும் சிரிப்புமாக நடந்த பேச்சு, அங்கிருந்த யாரும் அதை உண்மையான ஒப்பந்தம் என்று கருதியிருக்க மாட்டார்கள் என்று தள்ளுபடி செய்தது. உங்கள் நிலை அப்படியல்ல. வேலை நேரத்தில், வேலை இடத்தில், ஒரு குறிப்பிட்ட வண்டிக்கு, குறிப்பிட்ட நாளுக்குள் என்ற நிபந்தனையோடு சொன்னார். நீங்கள் செய்து முடித்தீர்கள். அவர் அன்றே கடன் என்று எழுதினார். தொகையைப் பேச்சு வழக்கில் எழுதியிருப்பதால் அது தொகை இல்லாமல் போகாது. மங்கி என்றால் 500 என்று உங்களிடம் அவரே விளக்கியும் இருக்கிறார்.

1996ஆம் ஆண்டின் பணியுரிமைச் சட்டப்படி இத்தகைய ஊக்கத்தொகையும் ஊதியம்தான். தராமல் வைத்திருப்பது சட்டவிரோதப் பிடித்தம். வேலை உடைக்காகப் பிடித்த 25 பவுண்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் முன்கூட்டி எழுத்தில் சம்மதிக்காமல் பிடிக்க முடியாது என்பது ஒன்று. நீங்கள் குறைந்தபட்ச ஊதியம் வாங்குபவர் என்பது மற்றொன்று. 21 வயது நிறைந்தோருக்கு அது 2025 ஏப்ரல் முதல் மணிக்கு 12.21 பவுண்டு, 2026 ஏப்ரல் முதல் 12.71 பவுண்டு. அந்த அளவில் ஊதியம் பெறுபவரிடம் நிறுவனத்தின் தேவைக்கான உடைக்குப் பணம் பிடித்தால் ஊதியம் சட்ட அளவுக்குக் கீழே போய்விடும். நீங்கள் சம்மதித்திருந்தாலும் அது செல்லாது. ஆகவே 475 என்று அவர் கணக்குப் போட்டால் ஏற்க வேண்டாம்.

500ம் அப்படியே கைக்கு வராது. ஊக்கத்தொகைக்கும் வரி உண்டு. உங்கள் வருமான அளவில் 20 விழுக்காடு வரியும் 8 விழுக்காடு தேசியக் காப்பீடும் போக 360 பவுண்டு அளவில் வங்கியில் சேரும். 'முழுதாகக் கையில் ரொக்கமாகத் தந்துவிடுகிறேன், கணக்கில் வேண்டாம்' என்று அவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். கணக்கில் வராத ரொக்கத்தால் பின்னால் சங்கடப்படப் போவது நீங்கள்தான்.

கேட்பதற்கு நீண்ட கடிதம் தேவையில்லை. அந்தச் செய்திக்குக் கீழேயே இரண்டு வரி போதும்: 'வேனை விற்றதற்கு நீங்கள் தருவதாகச் சொன்ன 500 பவுண்டு இன்னும் சம்பளத்தில் வரவில்லை. இந்த மாதச் சம்பளத்தோடு சேர்த்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.' எண்ணை எண்ணாகவே எழுதுங்கள். அவர் 'சரி' என்றால் அது இன்னொரு சான்று.

இனிமேலும் இதையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். க்விட் என்றால் ஒரு பவுண்டு. எத்தனை என்றாலும் அந்தச் சொல் பன்மையாவதில்லை, 'ஐம்பது க்விட்' என்றுதான் சொல்வார்கள். 'டூ கிராண்ட்' என்றால் 2000. 'கிராண்ட்' என்றதும் பிரமாதம் என்று பாராட்டுவதாக எண்ணித் தலையாட்டி, 2000 பவுண்டு முன்பணத்துக்கு ஒப்புக்கொண்டதாக ஆகிவிடக் கூடாது. ஃபைவரும் டென்னரும் 5, 10 பவுண்டு நோட்டுகள். கிழக்கு லண்டனுக்கு இந்தப் பேச்சின் மேல் அவ்வளவு பற்று. 2009இல் சில ஏடிஎம் இயந்திரங்களிலேயே காக்னி எனப்படும் இந்தக் கிழக்கு லண்டன் பேச்சை ஒரு மொழித் தேர்வாக வைத்தார்கள். இத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. யாராவது தொகையைப் பேச்சு வழக்கில் சொன்னால், 'அதாவது 500 பவுண்டு, சரியா?' என்று அங்கேயே கேளுங்கள். வேலைக்கோ வாடகைக்கோ என்றால் அன்று மாலையே எழுத்தில் அனுப்புங்கள். இப்படிக் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை. இந்த நாட்டின் வடக்கிலிருந்து வருகிற ஆங்கிலேயர்களில் பலருக்கே போனியும் மங்கியும் தெரியாது.

விசா

உங்கள் மனைவியின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் விசா மனைவியின் வேலையைச் சார்ந்தது. உங்கள் முதலாளி உங்களுக்கு ஸ்பான்சர் அல்ல. நீங்கள் இந்த வேலையை விட்டாலும் அவர்கள் உங்களை நீக்கினாலும் விசா அதனால் பறிபோகாது. முதலாளி மேல் புகார் கொடுப்பதோ தீர்ப்பாயத்துக்குப் போவதோ விசா நிபந்தனையை மீறுவதாகாது. மனைவியின் மருத்துவமனைக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை.

50,000 பவுண்டு கிடைக்குமா?

மைத்துனர் அன்பினால் சொல்லியிருக்கிறார், ஆனால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். மனவேதனைக்கான இழப்பீட்டைத் தீர்ப்பாயங்கள் மூன்று படிகளாகக் கணிக்கின்றன. 2025 ஏப்ரல் 6 முதல் ஓராண்டில் தாக்கலான வழக்குகளுக்குக் கீழ்ப்படி 1,200 முதல் 12,100 பவுண்டு வரை. மேல்படி 36,400இலிருந்து 60,700 வரை. மேல்படி, நீண்ட காலம் திட்டமிட்டு நடந்த கொடுமைகளுக்கு உரியது. உங்கள் விவகாரம், இப்போதைய நிலையில், கீழ்ப்படிக்குள் அடங்கும் என்பதே என் கணிப்பு. பெரிய தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு போனால், நியாயமான சமரசம் வரும்போது அதை ஏற்க மனம் வராது.

என்ன செய்யலாம், எந்த வரிசையில்

மேலாளருக்கு மேலே நிறுவன உரிமையாளர் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு முறையான எழுத்துப் புகார் அனுப்புங்கள். அதில் முதல் பத்தியிலேயே, 'வேனைப் பற்றிப் பேசியபோது மங்கி என்ற சொல்லை நான் தவறாகப் புரிந்துகொண்டேன். அது 500 பவுண்டைக் குறிக்கும் என்பதை இப்போது அறிவேன்' என்று நீங்களாகவே எழுதிவிடுங்கள். இதைச் சொல்ல உங்களுக்குத் தயக்கம் இருக்கும். ஆனால் அந்த ஒரு வரி, எதிர்த்தரப்பின் ஒரே ஆயுதத்தைக் கையிலிருந்து எடுத்துவிடும். அதன் பிறகு வாழைப்பழம், படங்கள், சிரிப்புக் குறி, மிரட்டல் ஆகியவற்றைத் தேதியோடு எழுதுங்கள். கடைசியில் 500 பவுண்டையும் 25 பவுண்டையும் கேளுங்கள். கோபமான சொற்கள் வேண்டாம். நடந்ததே போதுமான அளவு பேசும்.

காலக்கெடுவில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். தீர்ப்பாயத்துக்குப் போக, நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்பதே கணக்கு. சம்பளம் செப்டம்பர் 30 அன்று வந்திருக்க வேண்டும் என்றால் டிசம்பர் 29 கடைசி நாள். இதை ஆறு மாதமாக நீட்டச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள்; உங்களுக்கு அது பொருந்தும் என்று நம்பி நாளைக் கடத்த வேண்டாம். தீர்ப்பாயத்துக்கு முன் ஏகாஸ் என்ற பொது அமைப்பிடம் சமரசத்துக்குப் பதிவு செய்வது கட்டாயம். அது இலவசம், பதிவு செய்ததும், சமரச முயற்சி முடியும் வரை, காலக்கெடு ஓடுவதும் நிற்கும். நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்கள் ஏராளம். நிறுவனத்துக்கு எழுதிய புகார் கெடுவை நிறுத்தாது. ஏகாஸ் பதிவுதான் நிறுத்தும். இரண்டு மாதம் முன்பே போய்விட்டதால் உங்களுக்கு இருப்பது சில வாரங்கள்தான்.

தீர்ப்பாயத்தில் வழக்குத் தாக்கலுக்குக் கட்டணம் இல்லை. 2017இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. தோற்றால் எதிர்த்தரப்பின் செலவை நீங்கள் ஏற்க வேண்டும் என்பதும் பொதுவாக இல்லை. குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் பாகுபாட்டு வழக்குக்கு அரசின் சட்ட உதவி கிடைக்கலாம். வீட்டுக் காப்பீட்டில் சட்டச் செலவுக்கான பகுதி இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். பலருக்கு இருக்கும், தெரியாது.

இனி ராஜினாமா. வேலையில் இரண்டு ஆண்டு நிறையாததால், சாதாரணமான நியாயமற்ற பணிநீக்க வழக்கு உங்களுக்குத் திறந்திருக்காது. துன்புறுத்தல் புகாருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. எட்டு மாதமானாலும் ஒரு நாளானாலும் உரிமை உண்டு. பாகுபாடு தாங்காமல் வெளியேறினேன் என்று பிறகு வழக்குத் தொடுக்கவும் வழி இருக்கிறது. ஆனால் எழுத்தில் புகார் கொடுக்காமல் இன்று கடிதத்தை நீட்டினால், சொல்லின் பொருள் புரியாமல் கோபித்துக்கொண்டு போனவர் என்று அவர்கள் பதிவு செய்துகொள்வார்கள். சம்பளமும் அன்றோடு நிற்கும். புகார் போகட்டும், ஏகாஸ் பதிவு நடக்கட்டும். கேலி நின்று, பணமும் வந்து, வருத்தம் தெரிவித்தால் அங்கேயே தொடர்வதா என்பதை நீங்களும் மனைவியும் நிதானமாக முடிவு செய்யலாம். நிற்காவிட்டால், அல்லது உறக்கம் கெட்டு உடல்நிலை பாதிக்கப்பட்டால், முதலில் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். அந்தக் குறிப்பும் பிறகு சான்றாகும். அதன்பின் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுப்பதாக இருந்தால், உங்கள் சட்டைப்பையில் இருப்பதைக் கொடுக்காதீர்கள். காரணங்களைத் தேதியோடு குறிப்பிட்டு, ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு புதிதாக எழுதிக் கொடுங்கள்.